கடைசி மில்லிகிராம்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் கார் செய்யும் ஹூண்டாய் நிறுவனம், உள்நாட்டில் விற்கும் எல்லா மாடல்களிலும் இனி 6 காற்றுப்பைகள் இருக்கும் என்று 2023 அக்டோபரில் அறிவித்தது. ஓட்டுநருக்கான பை ஸ்டீயரிங்கின் நடுவில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதன் பின்னால் கைக்கு அடக்கமான ஓர் உலோகக் குடுவை. குடுவைக்குள் சில பத்து கிராம் மருந்து. கார் மோதியதும் அந்த மருந்து எரிந்து வாயுவாகி, ஏறக்குறைய 30 மில்லிநொடிக்குள் பையை நிரப்பியாக வேண்டும். மருந்து குறைந்தால் பை முழுதாக விறைக்காது. முகம் பையைத் தாண்டி ஸ்டீயரிங்கில் போய் மோதும். கூடினாலோ குடுவைக்குள் அழுத்தம் எகிறி, காக்க வந்த பையே ஆளை அடித்துவிடும்.

சில கிராம் தூளை, ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக, வேகமாக, ஆபத்தில்லாமல் எடுத்து வைப்பது எப்படி? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகளில் இந்தக் கேள்வி பல வடிவங்களில் தினமும் எழுகிறது. ஒரகடத்தில் 2010 முதல் டயர் செய்யும் அப்போலோ ஆலையில் ரப்பரோடு கந்தகத்தையும் வேறு சில இரசாயனத் தூள்களையும் அளந்து கலக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் செயின்ட் கோபெய்ன் ஆலையில் மணலோடும் சோடா உப்போடும் எவ்வளவு இரும்பு ஆக்சைடு சேர்கிறது என்பதைப் பொறுத்தே கண்ணாடியில் பச்சை நிறம் தட்டுகிறது. அதே கேள்வியை அமெரிக்காவில் வீட்டு மேசையில் உட்கார்ந்து கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர்கள். சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூட்டைச் சுத்தம் செய்து, புதிய பற்றவைப்புக் குப்பியைப் பொருத்தி, மருந்தை அளந்து செலுத்தி, மேலே குண்டை வைத்து அழுத்துவார்கள். மருந்தை அளக்க இவர்களுக்காகவே மின்னணுக் கருவிகள் விற்கின்றன. ஹார்னடி, ஆர்சிபிஎஸ், லைமன் என்று பல நிறுவனங்கள் செய்கின்றன. மேலே தூள் நிரப்பும் ஒரு ஹாப்பர், பக்கவாட்டில் சுழலும் ஒரு குழாய், கீழே ஒரு தராசுத் தட்டு. வேண்டிய எடையைத் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினால் குழாய் சுழன்று தூளைக் கொட்டும். எடை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, கடைசியில் மணி மணியாக உதிர்த்து நின்றுவிடும்.

இந்தக் கருவிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மையமாக வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஆலைகளில் பல அடி உயர இயந்திரத்துக்குள் மூடிக் கிடக்கும் இயற்பியல் முழுவதும் இந்தச் சிறு கருவியில் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. தூளை அளப்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடப்பொருள் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற்றிருப்பதாலேயே தோட்டாவுக்கு மருந்து செலுத்தும் உரிமையும் வந்துவிடாது. வெடிபொருள்களுக்கு 1884ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. அதைக் கவனிக்கும் பெசோ அமைப்பின் தலைமையகம் நாகபுரியில். நம் விளையாட்டு வீரர்களில் பெரும்பாலோருக்கு இதனால் இழப்பும் இல்லை. 10 மீட்டர் போட்டிகள் காற்றுத் துப்பாக்கியால் சுடப்படுபவை, மருந்தே கிடையாது. 50 மீட்டரிலும் 25 மீட்டரிலும் பயன்படும் .22 தோட்டாவில் பற்றவைப்புப் பொருள் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். ஒரு முறை சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும், மறுபடி நிரப்ப வழியில்லை. புதுக்கோட்டையிலிருந்து பாரிஸ் ஒலிம்பிக் வரை போன பிரித்விராஜ் தொண்டைமானின் டிராப் போட்டித் தோட்டாக்களை வேண்டுமானால் திரும்ப நிரப்பலாம். தமிழ்நாட்டில் இந்த வகை மருந்து பிறக்கும் இடம் நீலகிரியின் அருவங்காடு. 1904இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை அங்கே இன்றும் இயங்குகிறது. 2021 அக்டோபர் 1 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வருகிறது.

கருவிக்கு வருவோம்.

தூளை அளக்க மிகப் பழைய வழி கொள்ளளவு. ஒரு குழியை நிரப்பி, மேலே வழித்துவிட்டுக் கவிழ்ப்பது. படியால் அரிசி அளந்த காலத்தை நினைத்துப் பாருங்கள்: அளக்கிறவர் படியை ஒரு தட்டுத் தட்டினால் இன்னொரு பிடி அரிசி உள்ளே போகும், தட்டாமல் கொடுத்தால் வாங்குகிறவருக்கு நஷ்டம். மருந்துக்கும் அதே கதிதான். ஒரே அளவுள்ள உருண்டைகளை அப்படியே கொட்டினால் இடத்தில் 55 முதல் 60 சதவீதம் வரை நிரம்பும். குலுக்கினால் 64 சதவீதம் வரை போகும். அதாவது, கருவி வைத்த மேசையில் ஒரு அதிர்வு இருந்தாலே எடை பத்தில் ஒரு பங்கு வரை மாறலாம். அரிசியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இந்த வேறுபாட்டை, அடைபட்ட இடத்தில் எரியும் மருந்தில் பொறுக்க முடியாது. அதனால்தான் எடைக்கு வந்தார்கள்.

எடைக்கு வந்ததும் வேறொரு சிக்கல் தலைதூக்கியது. தராசு எடையைச் சொல்லத்தான் செய்யும். தூளைக் கொண்டுவந்து போட இன்னொரு பொறி வேண்டும். தூளோ நீரைப் போல நடந்துகொள்ளாது.

தண்ணீர்த் தொட்டியில் மட்டம் உயர உயரக் குழாயில் வேகம் கூடும். தூள் நிரம்பிய ஹாப்பரில் அப்படி இல்லை. 1895இல் ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் தானியக் களஞ்சியங்களை ஆராய்ந்து இதற்கான விளக்கத்தைத் தந்தார். மணிகள் ஒன்றையொன்று தாங்கி, சுமையைச் சுவர்களின் மேல் சாய்த்துவிடுகின்றன. உராய்வு அந்தச் சுமையைப் பிடித்துக்கொள்கிறது. ஓர் ஆழத்துக்குப் பிறகு மேலே எவ்வளவு கொட்டினாலும் அடியில் அழுத்தம் கூடுவதே இல்லை. மணல் கடிகாரமும் மணல் குறையக் குறைய வேகம் மாறாமல் ஓடுகிறது. துளை வழியாக எவ்வளவு தூள் இறங்கும் என்பதை 1961இல் பெவர்லூவும் அவருடைய சகாக்களும் ஒரு சூத்திரமாக எழுதினார்கள்: துளையின் விட்டத்திலிருந்து மணியின் அளவுக்கேற்ற ஒரு பகுதியைக் கழித்து, மிச்சத்தின் இரண்டரை அடுக்குக்கு ஏற்ப ஓட்டம் அமையும். துளை கொஞ்சம் பெரிதானாலே ஓட்டம் வெகுவாகக் கூடும் என்பது அதன் ஒரு பக்கம். துளை சுருங்கி, மணியின் விட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு என்ற அளவுக்கு வந்தால் மணிகள் கைகோத்து வளைவு கட்டி, ஓட்டத்தையே நிறுத்திவிடும் என்பது மறுபக்கம்.

இப்போது கருவியின் சுழலும் குழாயைப் பாருங்கள். அகலக் குழாய் வைத்தால் வேகமாகக் கொட்டும்; ஆனால் ஒரு மணியை மட்டும் உதிர்க்க அதனால் ஆகாது. ஒடுங்கிய குழாய் மணி மணியாகத் தரும், ஆனால் அடைத்துக்கொள்ளும். மருந்து மணிகளின் வடிவமும் ஒன்றல்ல. உருண்டை வடிவ மருந்து வழுக்கிக்கொண்டு ஓடும். செதில் வடிவம் ஒட்டிக்கொள்ளும். பென்சில் துண்டைச் சிறிதாக்கியது போன்ற குச்சி மணிகள்தான் மிகவும் பிடிவாதமானவை: குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து அணை கட்டும், பிறகு சட்டென்று பத்துப் பதினைந்தாக உடைந்து விழும். இந்தக் குச்சி மணி ஒன்றின் எடை ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிகிராம். எத்தனை உயர்ந்த தராசை வாங்கினாலும் ஒரு மணியை அரையாக உடைத்துப் போட முடியாது என்பதால், துல்லியத்துக்கு இயற்கையே ஒரு கீழ்வரம்பு போட்டுவிடுகிறது. விளம்பரத்தில் 0.1 மில்லிகிராம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்குகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும்.

ஆகவே, கருவி வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது தராசைப் பற்றி அல்ல, தன் தூளைப் பற்றி. ஆலைகளில் இதை நன்றாக அறிந்தவர்கள், டோசிங் மெஷின் விற்க வருகிறவரிடம் முதலில் தங்கள் தூளை ஒரு பையில் கட்டிக் கொடுத்தனுப்புவார்கள். எளிதில் ஓடும் தூளுக்கு அதிரும் தட்டு சரியாக இருக்கும். ஒட்டிக்கொள்ளும் தூளுக்குத் திருகு அச்சு வேண்டும்; அதை ஆகர் என்பார்கள். திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு புரியின் அளவு தூள் வெளியே வரும் என்பதால் கடைசிக் கட்டத்தில் அதன் வெளிப்பாடு அலையலையாக இருக்கும். அதிரும் தட்டில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பொடியும் பருவட்டும் கலந்த தூளாக இருந்தால் அதிர்வே அவற்றைப் பிரித்துவிடும்: பொடி கீழே இறங்கும், பெரியவை மேலே மிதக்கும். காலையில் கலந்து வைத்த கலவை மாலையில் அதே கலவையாக இருக்காது. எடை மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாகவே காட்டும்.

அடுத்தது நேரம். இங்கேதான் கருவிகளுக்கிடையே உண்மையான வேறுபாடு தெரியும். குழாயின் வாய் தட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தைக் கடக்க ஒரு மணிக்குப் பத்தில் ஒரு நொடி ஆகும். நொடிக்கு 1 கிராம் வீதம் கொட்டிக்கொண்டிருந்தால், நிறுத்து என்று சொன்ன பிறகும் 100 மில்லிகிராம் அந்தரத்தில் விழுந்துகொண்டிருக்கும். அதோடு தராசும் உடனே பதில் சொல்வதில்லை. அதிர்வுகளைச் சமன் செய்து ஒரு நிலையான எண்ணைத் தர அதற்கு அரை நொடி முதல் ஒரு நொடி வரை வேண்டும். அதற்குள் இன்னொரு அரை கிராமோ ஒரு கிராமோ விழுந்துவிடும். வேண்டியதே 3 கிராம் என்றால் இது மூழ்கடிக்கும் பிழை. அதனால்தான் எல்லாக் கருவிகளும் இரண்டு வேகம் வைத்திருக்கின்றன. முதல் 90, 95 சதவீதத்தை விரைவாகக் கொட்டிவிட்டு, மிச்சத்துக்கு நொடிக்கு 10 மில்லிகிராம் என்று இறங்கினால், அந்தரத்தில் இருப்பது 1 மில்லிகிராமாகவும் தராசின் தாமதத்தால் வருவது 10 மில்லிகிராமுக்குள்ளும் சுருங்கும். நல்ல கருவி இன்னொரு படி மேலே போகும்: சென்ற முறை எவ்வளவு கூடுதலாக விழுந்தது என்று நினைவில் வைத்து, இந்த முறை அவ்வளவு முன்னதாகவே நிறுத்தும். மலிவான கருவி எல்லாத் தூளுக்கும் ஒரே கணக்கு வைத்திருக்கும்.

கடைசிச் சில மில்லிகிராம்களுக்குப் போகும் நேரம், முதல் 3 கிராமுக்குப் போன நேரத்தைவிட அதிகமாக இருக்கும். வீட்டு மேசையில் ஒரு தோட்டாவுக்கு 20 நொடி காத்திருந்தால் யாருக்கும் இழப்பில்லை. ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கில் எண்ணும் ஆலையில் அந்த 20 நொடி தாங்காது. அங்கே பல தலைகள் கொண்ட இயந்திரங்களை வைத்து, ஒவ்வொரு தலையும் நிதானமாக அளக்க, மொத்தத்தில் வேகம் கிடைக்கும்படி செய்கிறார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் கலவைக்கு இன்னொரு தந்திரம் உண்டு: விழுந்த தூளை நிறுப்பதற்குப் பதிலாக, ஹாப்பரையே தராசில் ஏற்றி, அதில் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது.

இனித் தராசு.

விலை குறைந்த கருவிகளில் இருப்பது லோடுசெல். அலுமினியக் கட்டை ஒன்று எடையால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன் மேல் ஒட்டிய மெல்லிய உலோக இழையின் மின்தடை அதற்கேற்ப மாறும். இந்த இழையை 1938 வாக்கில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இரு அமெரிக்கர்கள் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தராசு முதல் லாரியை நிறுக்கும் வேபிரிட்ஜ் வரை இன்று ஆள்வது இதுதான். ஆனால் அது தரும் மின்னழுத்தம் எவ்வளவு சிறியது என்பதை ஒரு முறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 100 கிராம் தாங்கும் லோடுசெல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழு எடையிலும் அது திருப்பித் தருவது ஏறக்குறைய 10 மில்லிவோல்ட். அப்படியானால் 1 மில்லிகிராமுக்கு 0.1 மைக்ரோவோல்ட். இத்தனை நுண்ணிய மாற்றத்தை, கட்டை சூடேறுவதாலும் இழை மெல்ல நெகிழ்வதாலும் பக்கத்தில் கைப்பேசி அதிர்வதாலும் வரும் சலசலப்பிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். காலையில் போட்டவுடன் நிறுக்கத் தொடங்காமல், அரை மணி நேரம் சூடேற விட வேண்டும் என்று பல கையேடுகள் சொல்வதற்கு இதுவே காரணம். ஏசியின் காற்று நேராகத் தட்டில் படும் இடத்தில் எந்தத் தராசும் அமைதியாக நிற்காது.

விலை கூடிய தராசுகளில் வளையும் கட்டை இல்லை. தட்டு கீழே இறங்க முயன்றால், ஒரு மின்காந்தச் சுருள் அதை அதே இடத்தில் தூக்கிப் பிடிக்கும். பிடித்து நிறுத்த எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டதோ அதுவே எடை. ஜப்பானின் ஏ அண்டு டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-120ஐ என்ற மாடல் இந்த வகை. 122 கிராம் வரை, 1 மில்லிகிராம் படியில் காட்டும். ஆய்வகத்துக்காகச் செய்த இந்தத் தராசைத்தான், தனியே ஒரு தூள் உதிர்க்கும் கருவியோடு இணைத்து, நெடுந்தொலைவு சுடும் போட்டியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். வேகமும் நிதானமும் ஒருங்கே வேண்டுமென்றால் இந்த முறையைத்தான் நான் சொல்வேன். அதற்கான விலையைக் கொடுக்க முடிந்தவர்களுக்கு.

திரையில் தெரியும் கடைசி இலக்கத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. மருந்தை அளக்க அமெரிக்கர்கள் பயன்படுத்தும் அலகு கிரெய்ன். ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் 0.1 கிரெய்ன் வரை காட்டும், அதாவது 6.5 மில்லிகிராம். ஒரு படி இவ்வளவு என்றால் அதைக் கொண்டு எவ்வளவு சிறிய எடை வரை நம்பி நிறுக்கலாம்? நோய்க்கான மருந்துகளுக்கு உள்ள அமெரிக்கத் தரநூலின் 41ஆம் அத்தியாயத்தில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. ஒரே எடையைத் திரும்பத் திரும்ப வைத்து, வரும் எண்களின் திட்ட விலக்கத்தைக் கண்டுபிடி. அதைப்போல 2,000 மடங்குக்குக் குறைந்த எதையும் ஆயிரத்தில் ஒன்று என்ற துல்லியத்தில் நிறுத்ததாகச் சொல்லாதே. அந்த விலக்கம் எவ்வளவு சிறிதாக வந்தாலும், ஒரு படியில் 0.41 பங்குக்குக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கணக்கின்படி 1 மில்லிகிராம் படி உள்ள தராசில் 0.82 கிராமுக்குக் கீழே போகக் கூடாது. 6.5 மில்லிகிராம் படி உள்ள வீட்டுக் கருவியிலோ 5 கிராமுக்கு மேல்தான் அந்தத் துல்லியம் கிடைக்கும். நூற்றில் ஒன்று போதுமென்றால் அரை கிராம் வரை இறங்கலாம். உங்கள் வேலைக்கு எது போதும் என்பதை நீங்கள் முடிவு செய்த பிறகுதான் தராசின் விலையைப் பற்றிப் பேச்சே எழ வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் கருவி வாங்குகிறவர் மறக்கக் கூடாத இன்னொன்று புவியீர்ப்பு. மின்னணுத் தராசு உண்மையில் அளப்பது பொருண்மையை அல்ல, அது தட்டை அழுத்தும் விசையை. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சென்னைப் பகுதியில் ஈர்ப்பு முடுக்கம் நொடி வர்க்கத்துக்கு ஏறக்குறைய 9.783 மீட்டர். ஹார்னடி நிறுவனம் இருக்கும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அது 9.80. வேறுபாடு சுமார் 0.17 சதவீதம். அங்கே சரிசெய்து பெட்டியில் போட்ட தராசு இங்கே 50 கிராம் கல்லை 49.9 கிராம் என்று காட்டும். 3 கிராம் மருந்தில் 5 மில்லிகிராம் பிசகும். வீட்டுக் கருவியில் ஏறக்குறைய ஒரு படி அது. பெட்டியைத் திறந்ததும் இங்கேயே, இந்தத் தரையிலேயே, தெரிந்த எடைக்கல்லை வைத்துக் காலிப்ரேஷன் செய்ய வேண்டும் என்பது இதனால்தான். கருவியோடு இலவசமாக வரும் கல்லின் தரத்தையும் பார்க்க வேண்டும். பன்னாட்டு வகைப்பாட்டில் எம்1 தரத்து 50 கிராம் கல் 3 மில்லிகிராம் வரை பிசகலாம்; எஃப்1 தரமென்றால் 0.3 மில்லிகிராம்தான். நல்ல கல்லின் வம்சாவளியைத் தேடிக்கொண்டே போனால் தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் 57ஆம் எண் கிலோகிராமில் போய் முடியும்.

நம் ஊரின் காற்றும் கணக்கில் சேரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தூள் ஈரத்தை உறிஞ்சும். அப்போது 3 கிராம் என்று நிறுத்ததில் கொஞ்சம் தண்ணீரும் இருக்கிறது. மருந்து அந்த அளவுக்குக் குறைவு, எரியும் வேகமும் மந்தம். ஏசி அறையில் காற்று வறண்டால் நேர்மாறான தொல்லை: நிலைமின்சாரம். தூள் பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும், தட்டிலிருந்து துள்ளும், தராசையே இழுக்கும். எரியும் தூளாக இருந்தால் அதே நிலைமின்சாரம் தீப்பொறியாகவும் மாறும். டயர் ஆலைகளில் கந்தகத் தூசியைக் கண்டு அஞ்சுவது இதனால்தான். அது மிகச் சிறிய பொறியிலும் பற்றிக்கொள்ளும். மோட்டார், சுவிட்சு, ஹாப்பர் எல்லாம் தரையோடு இணைக்கப்பட்டிருக்கிறதா, தூசி மூட்டத்துக்குள் இயங்க அனுமதி பெற்றதா என்று பார்க்காமல் எரியும் தூளுக்குக் கருவி வாங்கக் கூடாது. இதில் விலை ஒரு காரணமாகவே வரக் கூடாது என்பேன்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், எடை ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடாது. காற்றுப்பையின் வரலாறு இதைக் கொடூரமாகக் காட்டியது.

காற்றுப்பைக்கு 1953இல் அமெரிக்கர் ஜான் ஹெட்ரிக் காப்புரிமை பெற்றார். அழுத்திய காற்றால் பையை ஊதுவது அவருடைய எண்ணம். அது போதுமான வேகத்தில் நடக்கவில்லை. திட மருந்தை எரித்து வாயு உண்டாக்கும் முறை வந்த பிறகுதான் பை காருக்குள் நுழைந்தது. நீண்ட காலம் பயன்பட்ட மருந்து சோடியம் அசைடு. அதில் 65 கிராம் சிதைந்தால் ஒன்றரை மோல் நைட்ரஜன் கிடைக்கும். அறை வெப்பத்தில் அது சுமார் 36 லிட்டர். ஓட்டுநரின் பை 60 லிட்டர் அளவு என்றால், எத்தனை கிராம் வேண்டும் என்பதைப் பள்ளிக்கூட வேதியியலை வைத்தே கணக்கிட்டுவிடலாம். அசைடு நச்சுப்பொருள் என்பதால் பிறகு வேறு மருந்துகளுக்கு மாறினார்கள். ஜப்பானின் தகாட்டா நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டைத் தேர்ந்தெடுத்தது. அது மலிவு, வாயுவும் நிறையத் தரும். ஆனால் ஈரமும் வெப்பமும் மாறி மாறித் தாக்கினால் அழுத்திச் செய்த வில்லைகளுக்குள் நுண்துளைகள் பெருகும். எடை அதேதான். எரியும் பரப்பு மட்டும் பல மடங்காகிவிடும். விபத்தின்போது மருந்து அளவுக்கு மீறிய வேகத்தில் எரிய, குடுவையே சிதறி, உலோகத் துண்டுகள் காருக்குள் பாய்ந்தன. உலகெங்கும் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6.7 கோடிக் குடுவைகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. 2017 ஜூனில் தகாட்டா திவாலானது. ஈரமும் சூடும் மிகுந்த ஊர்களில்தான் குடுவைகள் விரைவில் கெட்டன என்பது நம் கடற்கரையோரம் கார் ஓட்டும் ஒவ்வொருவரையும் தொடும் செய்தி.

அந்தப் பெரிய கதைக்குள் ஒரு சிறிய விவரம் புதைந்து கிடக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் லேக் ஆலையில் 2000 முதல் 2002 வரை செய்த வில்லைகளைப் பற்றி 2013இல் அந்நிறுவனமே கொடுத்த அறிக்கையில் அது இருக்கிறது. போதிய அழுத்தம் படாத வில்லையைத் தானாகவே ஒதுக்கித் தள்ளும் வசதி அங்கிருந்த இயந்திரத்தில் இருந்தது. ஆனால் இயக்குபவர் விரும்பினால் அதைக் கையால் அணைத்துவிடவும் முடிந்தது. மெக்சிகோவின் மொன்க்லோவா ஆலையிலோ சில வில்லைகள் கட்டுப்படுத்தாத ஈரத்தில் கிடந்துவிட்டன.

தூள் அளக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் எதை முதலிடத்தில் வைப்பது என்று யாராவது கேட்டால், இந்த விவரத்தை வைத்தே பதில் சொல்வேன். பிசகியதை அந்தக் கருவி எப்படி நடத்துகிறது? அளவு கூடிவிட்டால் ஒலி எழுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறதா, அல்லது தட்டை எடுத்துக் கொட்டிய பிறகுதான் மறுபடி இயங்குகிறதா? பூச்சியம் நகர்ந்துவிட்டதை அதுவே கவனிக்கிறதா? தட்டில் ஏற்கெனவே தூள் இருந்தால் இரண்டாவது முறை கொட்ட மறுக்கிறதா? வீட்டு மேசையில் நிகழும் மிகக் கொடிய பிழை ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுவது. 0.1 கிரெய்ன் துல்லியத்தில் இரண்டு முறை விழுந்தாலும் துப்பாக்கி வெடித்துச் சிதறக்கூடும். இதைக் கருவி மட்டும் தடுக்காது. கூட்டை வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்க்கும் பழக்கமும், வேறொரு தராசில் மறுபடி நிறுப்பதும்தான் தடுக்கும். ஆலைகளில் இதற்காகவே வரிசையின் கடைசியில் செக்வேயர் எனப்படும் சோதனைத் தராசு ஒன்றை வைக்கிறார்கள். போடும் தராசும் சோதிக்கும் தராசும் ஒரே லோடுசெல்லாக இருக்கக் கூடாது. இருந்தால், ஒன்று பொய் சொல்லும்போது மற்றதும் அதே பொய்யைச் சொல்லும். ஒதுக்கித் தள்ளும் வசதியை அணைக்கும் சாவி யாரிடம் இருக்கிறது, அணைத்தால் அது எங்கே பதிவாகிறது என்பதையும் வாங்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.

விற்பவர் காட்டும் சோதனை எப்போதும் அழகாகவே இருக்கும். அவர் தூள் உருண்டையானது, அவர் அறை அமைதியானது. உங்கள் தூளை, உங்கள் பிரஸ் மெஷின் பக்கத்தில் அதிரும் உங்கள் தரையில், முடிந்தால் மழைக்காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்தடுத்து 30 முறை போட வைத்து, ஒவ்வொன்றையும் தனித் தராசில் நிறுத்து எழுதுங்கள். ஹாப்பர் நிரம்பியிருக்கும்போது பத்து, பாதியில் பத்து, அடி தட்டும்போது பத்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். சராசரியைக் காட்டி அவர் பேசத் தொடங்கினால், முப்பதில் மிக மோசமான ஒன்று எது, அது எப்போது விழுந்தது, அப்போது கருவி என்ன செய்தது என்று கேளுங்கள்.